வலையை அறு, மாமா

"மட், மேலே வா! உன் ஆட்கள் வந்துவிட்டார்கள்."

ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல். எனக்கு எரிச்சலாக வந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கிணற்றிலிருந்து அப்போதுதான் மேலே வந்த சேற்றை ஒரு கோப்பையில் பிடித்து, மூக்கருகே வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கவசத்துக்குள் வியர்வை இறங்கி கண் எரிந்தது.

எண்ணெய்க் கிணறு தோண்டுகிற அந்தக் கப்பலில் என்னை யாரும் செல்வி என்று கூப்பிட்டதில்லை. துளைக்கும் குழாய் வழியாக உள்ளே அனுப்புகிற சேற்றுக்கு யார் பொறுப்போ அவருக்கு 'மட்' என்றுதான் பேர். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அதே பேர்தான். 'உன் ஆட்கள்' என்றால் தமிழ் பேசும் மீன்பிடிப் படகுகள்.

கப்பல் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அதன் அடியில் மீன் கூடும். மீன் கூடினால் படகு கூடும். கிட்டே வரக் கூடாது என்று கப்பலைச் சுற்றி ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். கடலில் போட்ட வட்டம் யார் கண்ணுக்குத் தெரியும்? காவல் படகுக்காரர் இந்தியில் விரட்டுவார், நம்ம ஆள் தமிழில் திட்டுவார். கடைசியில் நான் மேலே போய் ரேடியோவை வாங்கி, "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போங்கண்ணே" என்பேன். நடுக்கடலில் பொம்பளைக் குரல் கேட்ட ஆச்சரியத்திலேயே போய்விடுவார்கள்.

அன்றைக்கு எனக்கு மேலே போக நேரமில்லை. கீழே கிணறு சரியில்லை.

சேறு கரைக்க ஹெலிகாப்டரா?

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், 'சேற்றுக்கு எதற்கு இன்ஜினீயர்?' என்று கேட்டிருக்கிறார்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் மாமனார் கல்யாணமான புதிதிலேயே இதைக் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, எங்க கொல்லையில போர் போட்டப்ப களிமண்ணையும் சாணியையும் கரைச்சி ஊத்துனாங்க. மண்ணு சரியாம நின்னுது. அதத்தான நீ கடல்ல ஊத்துற?"

"ஆமா மாமா. கிட்டத்தட்ட அதான்."

"அதுக்கா உன்ன ஹெலிகாப்டர்ல ஏத்திக்கினு போறான்?"

அன்று முழுக்க வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் கணவர் குமரனும் சேர்ந்து சிரித்தார். அவரோடு அந்தக் கணக்கை நான் இன்றுவரை தீர்க்கவில்லை.

மாமனார் சொன்னதில் தப்பில்லை. சேறுதான் தூளான பாறையை மேலே அள்ளி வருகிறது, குழாயின் முனையைக் குளிர வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூமிக்குள் அடைபட்டுக் கிடக்கிற வாயுவைத் தன் எடையால் அமுக்கி வைக்கிறது. எடை குறைந்தால் வாயு ஏறி வரும். எடை கூடினால் பாறை வெடித்துச் சேற்றையே குடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓட்ட வேண்டும். கரையில் தோண்டும்போது அந்த இடைவெளி சிதம்பரத்துத் தேரோடும் வீதி மாதிரி தாராளமாக இருக்கும். ஆழ்கடலில் சைக்கிள்கூடத் திருப்ப முடியாத சந்து.

போதாததற்குக் கடலடியில் கடுங்குளிர். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல் சேறு கெட்டியாகும். கெட்டியானால் பாறைத்தூளை வடிகட்டுகிற சல்லடை அடைக்கும், பம்ப் முனகும். கொஞ்சம் இளக்கினால் கீழே கிணற்றின் சூட்டில் அது தண்ணீராக ஓடும். ஒரு சல்லடையை மாற்றிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்துச் சல்லடை வழிந்து நிற்கும். இப்படித்தான் என் நாள் போகும். நின்று சாப்பிட்டே பழகிவிட்டேன்.

நாலு வீதி

உண்மையைச் சொன்னால் நான் கப்பலுக்குப் போவதற்கு முன்பே ஓர் இடத்தில் உட்காராத ஆள்தான். சிதம்பரத்தில் படித்த காலத்தில் பரீட்சை என்றாலும், வீட்டு ஞாபகம் என்றாலும், சும்மா இருந்தாலும்கூட, கீழவீதியில் ஆரம்பித்து நாலு வீதியையும் நடந்து சுற்றிவிட்டு வருவேன். கூட வந்த தோழிகள் மேலவீதியிலேயே கால் வலிக்கிறது என்று டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் இன்னொரு சுற்று போவேன். "உனக்கு என்னாடி, கால்ல சக்கரம் கட்டியிருக்குதா?" என்பார்கள்.

அந்தச் சக்கரத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் என் தாய்மாமன் ஆறுமுகத்தைத்தான் காட்டுவேன்.

எங்களுடையது கடலூர்க் கரையோரத்து மீன்பிடிக் குடும்பம். சின்ன வயதில் ஒருநாள், மாமாவின் படகு கரையில் ஏற்றிக் கிடந்தது. நான் தொற்றி ஏறி அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா ஓடிவந்து ஒரே கையால் என்னைத் தூக்கிக் கீழே விட்டார்.

"பொம்பளப் புள்ள போட்டுல ஏறக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். வீட்டுக்குப் போய் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் தெளித்துத் துடைத்தார். என்னை வைத்துக்கொண்டே! எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது சாதாரணக் கோபம் இல்லை. உன் படகு என்ன பெரிய படகு, அதைவிடப் பெரிதில் ஏறிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டேன். ஏறியும் காட்டினேன்.

மற்றபடி மாமா தங்கமான மனிதர். அப்பா போன பிறகு சிதம்பரத்துக்கு என்னைச் சேர்க்கப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆனால் படகு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விட மாட்டார்.

கிணறு விட்ட மூச்சு

கப்பலுக்கு வருகிறேன். அப்போது மாசி மாதம். கடல் பார்க்க அமைதியாக இருந்தது, அடியில் அலை நீளமாகப் புரண்டுகொண்டிருந்தது.

அந்தக் கிணறு சில நாட்களாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பம்ப் ஓடும்போது பாறையின் வெடிப்புகள் விரிந்து கொஞ்சம் சேற்றைக் குடிக்கும். பம்ப்பை நிறுத்தினால் குடித்ததைத் திருப்பித் தந்துவிடும். அதில் ஆபத்தில்லை. வம்பு என்னவென்றால், வாயு உள்ளே புகுந்தாலும் பம்ப் நிற்கும்போது சேறு இதே மாதிரிதான் மேலே தள்ளிக்கொண்டு வரும். மூச்சு என்றால் வருவது குறைந்துகொண்டே போகும். வாயு என்றால் கூடிக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பதுதான் எங்கள் தொழிலிலேயே பெரிய கஷ்டம். என்னைப்போன்ற ஆளுக்குக் கேட்கவே வேண்டாம்.

அன்று புதுக் குழாய் மாட்டுவதற்காக பம்ப்பை நிறுத்தினார்கள். திரும்பி வந்த சேறு வழக்கத்தைவிட ஜாஸ்தி. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் அளவு காட்டும் கருவி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நம்பாமல் தொட்டியின் மூடியைத் திறந்து கண்ணாலேயே பார்த்தேன். ஜாஸ்திதான்.

தோண்டும் வேலைக்கு மேலதிகாரி கென் என்ற வெள்ளைக்காரர். பருத்த ஆள், பயந்தால் காது சிவந்துவிடும். கடலடியில் கிணற்றின் வாயில் ஒரு பெரிய அடைப்பான் இருக்கிறது. அதை உடனே மூடச் சொன்னார். அது சரியான காரியம். அடுத்து என் பக்கம் திரும்பி, சேற்றின் எடையைக் கூட்டு என்றார்.

"கூட்டினால் பாறை உடையும். இருக்கிற சேறும் போகும். அதற்குப் பிறகு வாயு நிஜமாகவே வரும்" என்றேன். "இது மூச்சுதான். பயப்படாதீர்கள். பொறுத்துப் பார்ப்போம்."

"உறுதியாகச் சொல்கிறாயா?"

"உறுதி."

சொல்லிவிட்டேனே தவிர, ஒன்றை மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அடைப்பானை மூடினால் அதற்குக் கீழே இருப்பதுதான் நிற்கும். மூடுவதற்கு முன்பே ஒரு கைப்பிடி வாயு நழுவி மேலே வந்திருந்தால் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. அடைப்பானிலிருந்து கப்பல் வரை நீண்ட குழாய், அதில் சத்தமில்லாமல் ஏறும். மேலே நெருங்க நெருங்க ஊதும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் சேற்றைப் பீய்ச்சிக்கொண்டு வெளியே பாயும். அப்போது காற்று அடிக்கிற திசையில் ஒரு நெருப்புப்பொறி இருந்தால் போதும்.

"மட்! உடனே வா!" ஒலிபெருக்கி மறுபடி கத்தியது. இந்த முறை கேப்டனின் குரல் வேறு மாதிரி இருந்தது. கோப்பையைக் கென்னின் கையில் திணித்துவிட்டுப் படியேறி ஓடினேன்.

பச்சைப் படகு

கேப்டன் பைனாகுலரை நீட்டினார். காவல் படகு மறுபக்கத்தில் வேறு யாரையோ விரட்டப் போயிருந்தது. இந்தப் பக்கம், காற்று கப்பலைத் தாண்டி வீசுகிற திசையில், வட்டத்துக்கு உள்ளே வெகு கிட்டத்தில் ஒரு பச்சை விசைப்படகு. பின்பக்கத்தில் அடுப்புப் புகை. பக்கவாட்டில் வெள்ளையடித்த ஒரு பழைய டயர் தொங்கியது.

அந்த டயருக்கு வெள்ளையடித்தபோது நான் கூட இருந்தேன். 

ரேடியோவை எடுத்தேன்.

"பச்ச போட்டு, பச்ச போட்டு, கேக்குதா?"

கரகரவென்று சத்தம். பிறகு, "யாரு? செல்வியா அது?"

"நான்தான் மாமா. மொதல்ல அடுப்ப அணை."

"என்னாத்துக்கு? டீ கொதிக்குது புள்ள."

"தண்ணிய ஊத்தி அணை மாமா! இப்பவே!"

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. புகை நின்றது. "அணைச்சாச்சி. என்னா சேதி?"

"இங்கேர்ந்து போயிடு. காத்துக்குக் குறுக்கால, எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம்."

"எப்டிப் போறது? வல கெடக்குதே. பாதிகூட ஏறல. சூர மீனு அப்பிக்கினு கெடக்குது. ஒரு மணி நேரம் பொறு, அள்ளிக்கினு போயிடறன்."

அது வழிவலை. ஒரு முனையைப் படகில் கட்டி, மற்றதைக் கடலில் நீளமாக விட்டுவிடுவார்கள். நீரோட்டத்தை எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். நீவாடு போகிற பக்கம் வலையும் படகும் சேர்ந்து போகும். அன்றைய நீவாடு அவர்களைக் கப்பல் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. வலையை விட்டால் படகு தப்பும். ஆனால் கடலில் கிடக்கும் வலையை விட்டுவிட்டு எங்கள் ஊர்க்காரர் எவரும் கரை திரும்பியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தாலும் வலையை ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள். வெறும் படகோடு வருகிறவனை வீட்டுக்குள் விடுவார்களோ என்னவோ. அது தெரிந்த வீட்டில் பிறந்த நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"வலையை அறு, மாமா."

ரேடியோ வெறுமனே கரகரத்தது.

"மாமா?"

"என்னா சொன்ன நீ?"

"கயித்த அறுத்துட்டுப் போ. இங்க கெணத்துல காஸ் வந்தாலும் வரும். வந்தா உன் போட்டு மேலதான் அடிக்கும்."

"வந்தாலும் வரும்னா? வருமா, வராதா?"

வரும் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். வாய் வரவில்லை. "தெரியல மாமா" என்றேன்.

"தெரியாமயா வலைய அறுக்கச் சொல்ற? மீன்புடிக்கிற ஊட்டுல பொறந்த பொண்ணா நீ?"

"ஆமா, தெரியாமதான் சொல்றன்! உன் கால்ல வுழுறன், அறு மாமா!"

கப்பலோட்டும் அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

பைனாகுலரில் மாமா அணியத்துக்கு நடந்து போவது தெரிந்தது. கையில் கத்தி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என் உயிர் போய் வந்தது. பிறகு கை ஒருமுறை அசைந்தது. படகு ஒரு குலுக்கு குலுக்கித் திரும்பியது. கரும்புகை எழுந்தது. வலையின் மிதவைகள் மட்டும் வரிசையாகக் கப்பலின் பின்பக்கமாக மிதந்து போயின. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, கீழே ஓடிவிட்டேன்.

"நல்ல கணிப்பு, மட்"

கீழே எல்லோரும் சேறு வரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  நானும் போய்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். வந்துகொண்டிருந்தது. மெலிந்ததா, அப்படியே இருந்ததா, சொல்லத் தெரியவில்லை. கால் தானாகத் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கென் என் காலைப் பார்த்தார். நிறுத்தினேன். மறுபடி தட்டியது.

பிறகு அது விரல் கனமாயிற்று. நூலாயிற்று. சொட்டி நின்றது. அடைப்பானுக்குக் கீழே இருந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். அதுவும் குறைந்து அடங்கியது. வாயு இல்லை. வெறும் மூச்சு.

"நல்ல கணிப்பு, மட்" என்று கென் என் தோளில் தட்டினார். காது பழைய நிறத்துக்கு வந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்தபோது காவல் படகு அந்த வலையைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. அது அவர்களுடைய புரொப்பல்லரிலேயே சுற்றி நார் நாராகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். சூரை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

செம்மண்டலத்தில் உட்கார முடியவில்லை

கப்பலில் என் வேலைமுறை முடிந்து, கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். காயப்போட்ட துணியை மறுபடி காயப்போட்டேன்.

"ஒரு எடத்துல உக்காரேன். பாக்குற எனக்குத் தல சுத்துது" என்றார் குமரன்.

"வல போச்சுங்க."

"உசுரு போவலல்ல?"

"உசுரு போற ஆபத்தே இல்லியே! சும்மா அறுக்க வச்சிட்டன், அதுக்குத்தான வயித்தெரிச்சல்!"

அவர் எழுந்தார். வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். நேரே முதுநகர் துறைமுகத்துக்கு விட்டேன்.

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தெரிந்த அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்ததும், "ஒங்க மாமன் வலைய எவனோ கப்பல்காரன் ஏத்தி அறுத்துட்டுப் போயிட்டானாமே. எந்தக் கப்பல்னுகூட தெரியலியாம். பாவம், வேற போட்டுல ஆளாப் போறாரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மாமா கரையில், பரப்பிப் போட்ட வலை நடுவே உட்கார்ந்து வலை ஊசியால் கிழிசல் கோத்துக்கொண்டிருந்தார். வலை அவருடையது இல்லை. பக்கத்தில் அவர் படகு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"கப்பல் அறுத்துதுன்னு ஊருல சொன்னியாமே?"

"பின்ன? மருமவ ரேடியோவுல சொன்னா, நான் அறுத்தன்னு சொல்லச் சொல்றியா? இந்தத் துறைமொகத்துல தல காட்ட முடியுமா?" ஊசி ஒரு கண்ணியைக் கோத்தது. "காஸ் வந்துச்சா?"

"வர்ல."

"கொஞ்சங்கூட?"

"ஒண்ணுமே வர்ல மாமா."

ஊசி நின்றது. "வராதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

மறைக்கலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து முடியவில்லை. "வராதுன்னுதான் நெனச்சன். எங்க ஆபிசர்கிட்ட பயப்படாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் மேல ஓடியாந்தன்."

"அவன்கிட்ட பயப்படாதங்கற. எங்கிட்ட அறுத்துட்டு ஓடுங்கற. என்னா நாயம் புள்ள இது?"

"அந்தாளு எனக்கு மாமன் இல்லியே."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"காஸ் வந்திருந்தா நீ எங்க நின்னிருப்ப?"

"எங்கன்னா? கெணத்துக்குப் பக்கத்துலதான். என் வேல அங்கதான மாமா."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். முகவாயைச் சொறிந்துகொண்டு தண்ணீரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. 

"அறிவு கெட்ட கழுத" என்றார் கடைசியில். "என்ன ஓடச் சொல்லிட்டு நீ அதுமேலயே போயி நின்னியா? இந்தா, கேட்டுக்க. இன்னொரு வாட்டி வலைய அறுக்கச் சொன்னீனா, அறுப்பன். ஆனா ஓட மாட்டன். கப்பலுக்குக் கீழ வந்து நிப்பன். நீ குதிக்கணும்."

"உன் போட்டுல பொம்பள ஏறக்கூடாதே மாமா."

"மஞ்சத்தண்ணி அப்புறம் தெளிச்சிக்கலாம். நீ மொதல்ல வந்து ஏறு."